லிஸ்பன் நகரின் கற்கோலம்

நம் வீடுகளில் ஜன்னல் இருக்கிறது, அலமாரி இருக்கிறது, அலமாரியைப் பூட்டச் சாவியும் இருக்கிறது. இம்மூன்று சொற்களும் போர்த்துகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை என்பதை நேயர்களுள் பலர் அறிந்திருப்பர். கப்பலேறி வந்தவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுச் சென்ற சொற்கள் மட்டும் நம் வீட்டுப் பொருள்களோடு ஒட்டிக்கொண்டு நிலைத்துவிட்டன. அச்சொற்களின் தாயகத்தில், வீட்டுக்கு வெளியே, வீதிகளில் விரிந்து கிடக்கும் ஒரு கலையைப் பற்றி இங்கே காண்போம்.

போர்த்துகல் நாட்டின் தலைநகரமாகிய லிஸ்பனுக்குச் செல்பவர், அங்குள்ள கோட்டையையும் தேவாலயங்களையும் நிமிர்ந்து பார்ப்பதற்கு முன் சற்றுக் குனிந்து தரையைப் பார்த்தல் நலம். வெண்மையும் கருமையுமான சிறு சிறு கற்கள் நெருக்கமாகப் பதிக்கப்பட்டு, அலைகளாகவும், நட்சத்திரங்களாகவும், கொடிகளாகவும், கப்பல்களாகவும் காட்சியளிக்கும். இதனைக் ‘கல்சாடா போர்த்துகேசா’, அதாவது போர்த்துகீசியக் கல்தளம், என்று அந்நாட்டவர் அழைக்கின்றனர். ‘கல்’ என்று தொடங்கும் அப்பெயர் தமிழ்ச் செவிக்குப் பழகியதுபோல் ஒலித்தாலும், அது தற்செயலான ஒற்றுமையே. அச்சொல்லின் வேர் லத்தீன் மொழியில் உள்ளது.

லிஸ்பன் வீதிகளுக்குக் கல் பாவும் வழக்கம் பழமையானது. முதலாம் மானுவேல் மன்னர் 1498 ஆம் ஆண்டிலும் 1500 ஆம் ஆண்டிலும் பிறப்பித்த ஆணைகளை அதன் தொடக்கமாகக் கூறுவர். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கியதும் அதே 1498 ஆம் ஆண்டில்தான். கீழை நாடுகளின் மிளகும் இலவங்கப்பட்டையும் விலையாகிய ‘வணிகர் புதுவீதி’ அந்நாளில் சிறப்பாகக் கல் பாவப்பெற்றது. அன்று பாவியது வண்ணக் கோலமன்று. வண்டியும் குதிரையும் சேற்றில் புதையாமல் செல்லுவதற்கான வெறும் கருங்கல் தளமே.

இத்தொடர்பில் வழங்கும் கதையொன்றில் நம் நாட்டு விலங்கு ஒன்றும் இடம்பெறுகிறது. குஜராத் சுல்தான் இரண்டாம் முஸாபர் ஷா, போர்த்துகீசிய ஆளுநர் அல்புகெர்க்குக்கு ஒரு காண்டாமிருகத்தைப் பரிசாக அனுப்பினார். அல்புகெர்க் அதனைத் தம் மன்னருக்குக் கப்பலேற்றினார். 1515 ஆம் ஆண்டு மே மாதம் 20 ஆம் நாள் அது லிஸ்பனில் இறங்கியது. அம்மிருகம் ஊர்வலத்தில் நடக்கையில் சேறு தெறித்துப் பெருமக்களின் ஆடைகள் கெடாமல் இருப்பதற்காகவே வீதிகளில் கல் பதித்தார்கள் என்பது கதை. மன்னரின் ஆணைகளோ காண்டாமிருகம் வருவதற்குப் பதினைந்து ஆண்டுகளேனும் முந்தியவை. ஆகவே கதையைக் கதையாகவே கொள்ளல் வேண்டும். ஆயினும் இந்திய வாணிபத்தால் செழித்த நகரம் தன் வீதிகளை அழகுபடுத்திக்கொண்டது என்னும் உண்மை அதனுள் பொதிந்திருக்கிறது.

1755 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் பெரும் பூகம்பம் லிஸ்பனைக் குலுக்கிற்று. அதனைத் தொடர்ந்து கடல் பொங்கியது, தீ மூண்டது. வணிகர் புதுவீதியும் அழிந்தது. பிறகு மார்க்விஸ் பொம்பால் என்னும் அமைச்சரின் தலைமையில், நகரின் தாழ்ந்த பகுதி நேரான, அகன்ற வீதிகளோடு புதிதாக எழுந்தது. பின்னாளில் கற்கோலம் படர்வதற்கு ஏற்ற வெளி இவ்வாறு உருவாயிற்று.

அந்தக் கோலத்தை முதலில் போட்ட கைகள் யாருடையவை? அவை சிறைக்கைதிகளின் கைகள். 1842 ஆம் ஆண்டில், குன்றின்மீதுள்ள புனித ஜார்ஜ் கோட்டையின் இராணுவ அதிகாரியாக இருந்த யூசேபியோ பின்ஹெய்ரோ ஃபுர்த்தாடோ, அங்கே விலங்கு பூண்டிருந்த கைதிகளைக் கொண்டு கோட்டை வெளியில் வெள்ளையும் கறுப்புமான கற்களை வளைந்து நெளியும் கோடுகளாகப் பதிக்கச் செய்தார். மிக எளிய கோலந்தான். எனினும் அதனைக் காண நகரமக்கள் குன்றேறி வந்தனர். அடுத்து, 1848 ஆம் ஆண்டில், நகரின் நடுவிலுள்ள ரோசியோ சதுக்கத்தில் அவர் வகுத்த பெரும்பணி தொடங்கிற்று. சுமார் 8,700 சதுர மீட்டர் பரப்பில் கருமையும் வெண்மையுமான அலைகள் புரளும் அக்கோலத்துக்குப் ‘பரந்த கடல்’ என்று பெயர். 323 நாட்களில் அது முடிந்தது என்பர். சுதந்திரமாக உலவும் குடிமக்கள் பெருமையோடு காலெடுத்து வைக்கும் கலையின் முதல் வரிகளை, காலில் விலங்கிட்டோர் எழுதினர் என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, இத்தளம் அமைக்கப்படும் முறையைப் பார்ப்போம். கற்களுட் பெரும்பகுதி போர்த்துகலின் நடுப்பகுதியிலுள்ள சுண்ணாம்புக்கல் மலைகளில் வெட்டப்படுகிறது. வெள்ளைக் கல்லும் கறுப்புக் கல்லும் அங்குப் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லே. அட்லாண்டிக் தீவுகளிலோ எரிமலைக் குழம்பு இறுகிய கருநிறக் கல்லைப் பயன்படுத்துவர். தரையைச் செப்பனிட்டு, அதன்மேல் மணலோ கற்பொடியோ பரப்புவர். கோலத்தின் வடிவத்தை மரத்திலோ இரும்பிலோ வெட்டிய அச்சினை வைத்து, அதன் விளிம்பை ஒட்டிக் கறுப்புக் கற்களை அடுக்குவர். சுற்றிலும் வெள்ளைக் கற்களை நிரப்புவர். தொழிலாளி தாழ்ந்த பலகையில் அமர்ந்து, ஒரு கையில் கல்லை ஏந்தி, மறு கையிலுள்ள சிறு சுத்தியலால் அதனைத் தட்டித் தட்டி, அருகிலுள்ள கல்லோடு பொருந்துமாறு செதுக்குகிறார். பின்னர் இடுக்குகளில் பொடியை நிரப்பி, நீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குவர்.

இம்முறையில் நன்மைகள் பல. கற்களுக்கிடையே மழைநீர் ஓரளவு தரைக்குள் இறங்குகிறது. நிலத்தடிக் குழாய்களைப் பழுதுபார்க்க வேண்டுமாயின், கற்களைப் பெயர்த்தெடுத்து, வேலை முடிந்தபின் அவற்றையே மீண்டும் பதித்துவிடலாம். நம் வாசற்கோலம் நாள்தோறும் அழிந்து நாள்தோறும் பிறக்கிறது. லிஸ்பனின் கற்கோலம் பல்லாண்டு நிலைக்கிறது. ஆயினும் இரண்டுக்கும் தேவை ஒன்றே: கோலம் அறிந்த கை.

மனிதர் குடிபெயர்ந்தபோது இக்கலையும் உடன் பெயர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரைப் புதுப்பித்தபோது, போர்த்துகலிலிருந்து கற்களும் வந்தன. கற்களோடு கைவினைஞரும் வந்தனர். அந்நகரின் கோபகபானா கடற்கரையில், மெய்யான கடலின் பக்கத்திலேயே கல் அலைகள் ஓடுகின்றன. 1970 ஆம் ஆண்டில் அந்நடைபாதை அகலமாக்கப்பட்டபோது, ராபர்ட்டோ பர்லே மார்க்ஸ் என்னும் பிரேசில் கலைஞர் அவ்வலைகளைப் பெரிதாக்கிப் புதிய உருவங்களையும் சேர்த்தார். அந்நாட்டின் வடக்கே மனாவுஸ் நகரிலும் இத்தகைய அலைகள் உண்டு. அங்குள்ளோர் அவற்றில் கடலைக் காண்பதில்லை. தம் ஊருக்கருகே கருநீர் ஆறும் வெண்ணீர் ஆறும் கலக்கும் காட்சியையே காண்கின்றனர். சீனத்தின் மக்காவ் நகரிலும், செனட் சதுக்கத்தில், இதே அலைகள் விளங்குகின்றன. பிறந்த ஊரின் கோலம் புகுந்த ஊரில் புதுப்பொருள் பெறுவது, தாயகம் விட்டு வாழும் நமக்குப் புதிய செய்தியன்று.

இத்துணைச் சிறப்புடைய கலை இன்று இரு நெருக்கடிகளுக்கு உட்பட்டிருக்கிறது. முதலாவது, நடப்பவரின் இன்னல். பலர் கால்பட்டுத் தேய்ந்த சுண்ணாம்புக்கல் வழவழப்பாகிவிடுகிறது. மழை பெய்தால் வழுக்குகிறது. லிஸ்பனோ குன்றுகள் மிகுந்த நகரம். முதியவரும், சக்கர நாற்காலியில் செல்வோரும், கண்பார்வை இழந்தோரும் படும் தொல்லை சிறிதன்று. ஆகவே 2014 ஆம் ஆண்டில் மாநகராட்சி ஏற்றுக்கொண்ட ஒரு திட்டம், சில இடங்களில் வேறுவகைத் தளம் அமைக்க வழிசெய்தது. நகரின் முகமே மாறிவிடும் என்று பலர் எதிர்த்தனர். கீழே விழுந்து எலும்பு முறிந்தவர்களோ அதனை வரவேற்றனர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. எனினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கல் பெயர்வதற்குக் கல்லே எப்போதும் காரணமன்று. அவசரமாகவும் அரைகுறையாகவும் செய்த வேலையும், நடைபாதையில் ஏற்றி நிறுத்தும் மோட்டார் வண்டிகளும் பெருங்காரணமாகும்.

இது நம்மை இரண்டாவது நெருக்கடிக்குக் கொண்டுவருகிறது. நன்றாகப் பதிக்கத் தெரிந்தவர் அருகிவிட்டனர். நாள் முழுதும் வெயிலிலும் குளிரிலும் குனிந்து அமரும் இவ்வேலை முதுகையும் முழங்காலையும் வருத்துவது. ஊதியமோ அதற்கு ஈடாக இல்லை. தந்தையின் சுத்தியலை ஏந்த மகன் தயங்குவதில் வியப்பில்லை. இதனை உணர்ந்தே லிஸ்பன் மாநகராட்சி 1986 ஆம் ஆண்டில் இத்தொழிலைக் கற்பிக்க ஒரு பள்ளியைத் தொடங்கியது. 2006 ஆம் ஆண்டில் கல் பதிக்கும் தொழிலாளர்களுக்கு நகரின் நடுவே வெண்கலச் சிலை எழுப்பப்பட்டது. 2021 ஆம் ஆண்டில் இக்கைத்திறன் அந்நாட்டின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்க்கப்பெற்றது. இளைய கலைஞரும் இதனைக் கைவிடவில்லை. 2015 ஆம் ஆண்டில், பழைய அல்பாமாப் பகுதியில், புகழ்பெற்ற பாடகி அமாலியா ரோட்ரிகஸின் முகத்தை வில்ஸ் என்னும் ஓவியர், நகரின் கல் பதிக்கும் தொழிலாளர்களோடு சேர்ந்து கற்களால் அமைத்தார். மழை பெய்யும்போது அம்முகம் கண்ணீர் விடுவதுபோல் தோன்றும்.

சிலையும் பட்டியலும் தொழிலுக்கு மதிப்பளிக்கும், தொழிலாளிக்குச் சோறளிக்கமாட்டா. வழுக்கும் சரிவுகளில் வேறு தளம் அமைப்பதனால் இக்கலை அழிந்துவிடாது; கல்லைக் கையில் எடுத்ததும் அதன் முகம் அறியும் தொழிலாளி இல்லாமற் போனால்தான் அழியும். கல்லை மலையிலிருந்து மீண்டும் வெட்டி எடுக்கலாம். இழந்த கைத்திறனை வெட்டி எடுக்கச் சுரங்கம் எதுவும் இல்லை. அத்திறன் பிழைப்பதும் மறைவதும், அக்கைகளுக்கு ஒரு நகரம் எவ்வளவு கூலி கொடுக்க இசைகிறது என்பதைப் பொறுத்ததாகும்.