பெருங்குடற் புற்றுநோயும் இருவகை வைத்தியமும்



பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோய் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 19 இலட்சம் பேரிடம் புதிதாகக் கண்டறியப்பட்டது. தொடக்கத்திற் கண்டால் சத்திரசிகிச்சையாற் பெரும்பாலும் குணப்படுத்தலாம். முற்றிய நிலைக்கு வேறு வழிகளைத் தேடிய சீன ஆய்வாளர் சிலர், உடலின் காவற் கலங்களையும் பண்டைய மூலிகைகளையும் ஒருங்கே பயன்படுத்த முயன்றனர். அம்முயற்சியை எவ்வளவு நம்பலாம் என்பதே இன்றைய பேச்சு.

குருதியிலுள்ள வெண்கலங்கள் உடலிற் புகும் கிருமிகளை அழிப்பன. புற்றுக்கலமோ வெளியிலிருந்து வந்ததன்று. நம் உடற்கலமே நெறி பிறழ்ந்தது. ஆதலின் காவலர் அதனை இனங்காணாது விடுதலும் உண்டு. எனவே நோயாளியின் வெண்கலங்களைப் பிரித்தெடுத்து, ஆய்வுகூடத்தில் ஊக்கப் பொருள்களூட்டி, இரண்டு மூன்று வாரம் பெருகச் செய்து, மீண்டும் அவர் உடலிற் செலுத்துவர். 1991இல் அமெரிக்க ஆய்வாளர் விவரித்த இம்முறை பின்னர் சீனாவிற் பரவலாயிற்று.

மூலிகையின் பங்கு யாது? ஓர் உதாரணம் கூறுவேன். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்னர் சீன வைத்திய நூலொன்றில், வயிற்றோட்டத்திற்கென நான்கு சரக்குகள் சேர்ந்த கஷாயம் கூறப்பட்டது. அதிமதுரமும் சீன இலந்தையும் அவற்றுட் சேர்ந்தவை. யேல் பல்கலைக்கழகத்தில் யுங் சி செங் என்னும் அறிஞரின் குழுவினர், இதனைப் பெருங்குடற் புற்றுக்குரிய இரினோற்றெக்கான் என்னும் மருந்தோடு சுண்டெலிகளுக்குக் கொடுத்தனர். அம்மருந்து குடலைப் புண்படுத்திக் கடும் வயிற்றோட்டத்தை உண்டாக்குவது. கஷாயம் பெற்ற எலிகளின் குடல் விரைவில் மீள வளர்ந்தது. கட்டியைத் தாக்கும் ஆற்றலும் குன்றவில்லை. இம்முடிவு 2010இல் வெளியாயிற்று. எனினும், எலி தேறியதனால் மனிதனும் தேறுவான் என்று சொல்லிவிட முடியாது.

இரண்டையும் இணைக்கும்போது மற்றொரு சிக்கல் எழுகின்றது. நோயாளி தேறினால், அது கலங்களின் பயனா, மூலிகையின் பயனா, முன்னர் செய்த சத்திரசிகிச்சையின் பயனா? கலம் மட்டும் பெற்றோர், மூலிகை மட்டும் பெற்றோர், இரண்டும் பெற்றோர், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றோர் எனப் பிரித்து, பெருந்தொகையினரை நெடுங்காலம் ஒப்பிட்டாலன்றி விடை கிடையாது.

சோதனைக்கு முன்னரே விற்பனை தொடங்கினால் விளைவது யாது? அரியதொரு வேறு புற்றுநோயுற்ற சீன மாணவர் ஒருவர், இணையத் தேடலிற் கண்ட விளம்பரத்தை நம்பிக் கலச் சிகிச்சை பெற்றார். குடும்பம் பெரும் பணத்தை இழந்தது; 2016இல் அவரும் மாண்டார். நாடே கொதித்தெழ, அவ்வாண்டிலேயே அச்சிகிச்சையை வைத்தியசாலைகளில் விற்பதை அரசு நிறுத்தியது.

ஆகவே நேயர்களே, பழமையும் புதுமையும் தம்மளவிற் சான்றாகா. சிகிச்சை பெறும் காலத்திற் கஷாயம் அருந்துவோர் அதனை வைத்தியருக்கு மறையாது கூறுக. சில மூலிகைகள் மருந்தின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்லன. மலத்திற் குருதி கண்டால் நாணாது உடனே வைத்தியரிடம் செல்லுக. இணைப்பு வைத்தியத்தின் பயன் இனித்தான் தெரியவேண்டும். காலத்தே கண்டறிதலின் பயனோ இன்றே தெரிந்தது.