பூவரசு: எண்ணூர்க் கடற்கரைக்கு ஏற்ற நிழல் மரம்

பூவரசு, பருத்தி, செம்பருத்தி ஆகியவற்றின் மால்வேசிக் குடும்பத்தைச் சேர்ந்த மரம். தாவரவியல் பெயர் தெஸ்பீசியா பாப்புல்னியா. இதய வடிவ இலையும், மஞ்சளாக மலர்ந்து வாடும்போது செந்நிறமாக மாறும் பூவும் இதன் அடையாளங்கள். பொதுவாக 6 முதல் 10 மீட்டர் வரை வளரும். இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளைகள் குறைவு. கொழுக்கட்டை வேகவைக்கவும் இந்த இலை உதவும். மரம் வண்டிச் சக்கரத்துக்கும் படகுக்கும் பயன்பட்டது.

எண்ணூரில் ஏன்?

கொசத்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூரில் மரம் வளர்ப்பது எளிதன்று. மண் பெரும்பாலும் மணல், காற்றில் உப்பு. அனல்மின் நிலையச் சாம்பலும் லாரிப் புழுதியும் இலைமேல் படிகின்றன. அருகிலுள்ள மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடிக்குள் நுழைந்தது 1960-களின் இறுதியிலேயே அறியப்பட்டது. மா போன்ற மரங்களின் இலை விளிம்பு இத்தகைய உப்பில் கருகிவிடும். பூவரசோ இயல்பிலேயே கரையோர மரம். அதன் காய் கடல்நீரில் மிதந்து சென்று வேறொரு கரையில் ஒதுங்கிய பிறகும் விதை முளைக்கும். வெப்பமண்டலக் கடற்கரைகள் பலவற்றில், பசிபிக் தீவுகள் வரை, இம்மரம் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

போத்தா, விதையா?

பூவரசு வளர்க்க எளிய வழி போத்து நடுவது. மணிக்கட்டுப் பருமனுள்ள முற்றிய கிளையை 5 அல்லது 6 அடி நீளத்துக்கு வெட்டி, அடிப்பகுதியைச் சாய்வாகச் சீவி, ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்றி மண்ணை நன்றாக மிதித்துவிட வேண்டும். மேல்நுனி காயாமல் இருக்கச் சாணத்தை அப்புவது பழைய வழக்கம். ஆடு எட்டாத உயரத்தில் துளிர் வருவதால் வேலிக்கும் கொல்லைக்கும் இது மிகப் பொருத்தம்.

ஆனால் போத்துக்கு ஆணிவேர் கிடையாது. பக்கவேர்கள் மட்டுமே உண்டு. 2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. மின்கம்பியும் வீடுகளும் நெருங்கிய தெருவில், அவசர நிழலுக்காகப் போத்து நடுவதைவிட இரண்டு ஆண்டு பொறுத்து விதைக் கன்றை வளர்ப்பதே நல்லது.

பழுப்பேறிக் காய்ந்த காயை உடைத்தால் மெல்லிய மயிர் படர்ந்த விதைகள் கிடைக்கும். தோல் கடினமானது. அப்படியே விதைத்தால் முளைப்பு தாமதமாகும், ஒரே சீராகவும் இராது. உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்து, மணலும் செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்த பையில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றினால் இரண்டு வாரத்தில் முளை தெரியும். கன்றை நெடுநாள் பையிலேயே விட்டுவைப்பது பலரும் செய்வது. வேர் பைக்குள் சுருண்டுவிட்டால், விதைக் கன்றாலும் பயனில்லை.

நடவும் பராமரிப்பும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியே நடவுக்கு ஏற்ற காலம். 2 அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுக்க வேண்டும். சாம்பலோ கட்டட இடிபாடோ வந்தால் அதையே திரும்பக் கொட்டாமல் செம்மண்ணும் மக்கிய எருவும் நிரப்ப வேண்டும். வளர்ந்த மரம் உப்புநீரைத் தாங்கும் என்பதற்காகக் கன்றுக்கும் அதையே ஊற்றக் கூடாது. முதல் கோடை முழுவதும் நல்ல தண்ணீர் தேவை. குடிதண்ணீரே லாரியில் வரும் தெருக்களில், அரிசி, காய்கறி கழுவிய நீர் போதும். ஆடு மாடு இலையை விரும்பித் தின்னும் என்பதால் கூண்டு கட்டாயம். தெருவோர மரத்தில் 8 அடிக்குக் கீழுள்ள பக்கக்கிளைகளைச் சிறிதாக இருக்கும்போதே நீக்கலாம். அடிமரத்தைச் சுற்றி 3 அடிச் சதுரமாவது சிமெண்ட் பூசாமல் விட வேண்டும்.

மாவுப்பூச்சி தாக்கினால் நுனிக்கிளையை வெட்டி அகற்றி, மற்ற கிளைகளில் வேகமாக நீர் பீய்ச்சலாம். காயைச் சுற்றி மொய்க்கும் சிவப்புப் பூச்சிகள் பருத்தியையும் தாக்குபவை. பருத்தி வயல் இல்லாத எண்ணூரில் அவற்றுக்காக மருந்தடிக்க வேண்டியதில்லை.

ஆற்று முகத்துவாரத்தில் அலை ஏறி இறங்கும் சேற்றில் மட்டும் பூவரசு நடக் கூடாது. அது அலையாத்திக்கு உரிய இடம். அதற்கு மேலுள்ள மேட்டுக்கரையில் பூவரசு தானாகவே வளரும்.