கேதாரத்துக்கு எத்தனை வழிகள்?

கேதாரநாதரைத் தரிசிக்க வேண்டும் என்ற ஆசை நம் இல்லங்களில் இளமையிலேயே முளைத்துவிடுகிறது. அது கைகூடும் காலத்திலோ நமக்கு அறுபது கடந்துவிடுகிறது. பிள்ளைகளின் படிப்பு, பெண்ணின் திருமணம், வீட்டுக் கடனின் கடைசித் தவணை என ஒவ்வொன்றாக முடித்துவிட்டு நிமிரும்போது முழங்கால் தேய்ந்திருக்கிறது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என மாத்திரைகள் சேர்ந்திருக்கின்றன. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, அறுபத்து நான்காம் வயதில் அம்மலைக்குச் சென்று வந்தவன் நான். "இந்த வயதில் நம்மால் முடியுமா?" என்று கேட்கும் அன்பர்கள் பலர். எல்லோருக்கும் ஒரே விடை சொல்லக்கூடிய கேள்வி அன்று அது.

உத்தரகாண்ட் மாநிலத்தில், மந்தாகினி நதி தோன்றும் பனிமலைகளின் மடியில், 3,583 மீட்டர் உயரத்தில் எழுந்தருளியிருக்கிறார் கேதாரநாதர். நம் நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். அதன் தலைமீது இன்னும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயரத்தை அடுக்கினால் கேதாரம். வாகனம் செல்லும் கடைசி இடமான கௌரிகுண்டம் 2,000 மீட்டருக்குச் சற்றே குறைவு. அங்கிருந்து 16 கிலோமீட்டர் நடையில் சுமார் 1,600 மீட்டர் உயரம் ஏற வேண்டும். 2013ஆம் ஆண்டுக்கு முன் இந்த நடை 14 கிலோமீட்டராக இருந்தது. அவ்வாண்டு ஜூன் 16, 17 தேதிகளில் பெருமழை பெய்து, கோயிலுக்கு மேலிருந்த சோராபாரி ஏரி உடைந்து பாய்ந்த வெள்ளத்தில், பாதி வழியில் யாத்திரிகர் இளைப்பாறிய ராம்பாரா என்னும் ஊரே இல்லாமற் போயிற்று. அதன்பின் நதியின் மறுகரையில் புதிய பாதை அமைத்தார்கள். அந்த வெள்ளத்தில் உருண்டு வந்த பெரும்பாறை ஒன்று கோயிலின் பின்புறம் நின்று நீரை இருபுறமும் பிரித்துவிட்டது. 'பீமசிலை' என்று அதற்கும் இப்போது மாலை சாத்துகிறார்கள்.

இத்தலம் நமக்கு அயலூர் அன்று. வடநாட்டில் தேவாரப் பாடல் பெற்ற ஐந்து தலங்களுள் திருக்கேதாரமும் ஒன்று. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடியிருக்கிறார்கள். கௌரிகுண்டத்தையே சம்பந்தர் பாடிய திருஅநேகதங்காவதம் என்று கொள்வோரும் உளர். அவ்வாறு கொண்டால், நாம் நடக்கும் 16 கிலோமீட்டரும் ஒரு பாடல் பெற்ற தலத்திலிருந்து இன்னொரு பாடல் பெற்ற தலத்துக்கு நடப்பதாகும். இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவ்விருவரும் கேதாரம் வரை சென்று பாடவில்லை. திருக்காளத்தியில் நின்றபடியே வடதிசைத் தலங்களை நினைந்து பாடினார்கள் என்கிறது பெரியபுராணம்.

கயிலைக்குச் செல்வதற்கு ஒரே ஒரு வழிதான் என்று நம் பெரியோர் ஒருபோதும் சொல்லவில்லை. காரைக்காலம்மையார் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தார். சுந்தரர் வெள்ளை யானையில் சென்றார். சேரமான் பெருமாள் குதிரையில் சென்றார். ஔவையாரையோ விநாயகப் பெருமான் துதிக்கையால் தூக்கி, அவர்களுக்கு முன்னரே கயிலையில் சேர்த்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஹெலிகாப்டரில் செல்வது குறைவான புண்ணியமோ என்று தயங்கும் தாய்மார்களுக்கு நான் ஔவையாரைத்தான் நினைவூட்டுவது வழக்கம். நடந்தவர்களைவிட முதலில் போய்ச் சேர்ந்தவர் அவரல்லவா!

இன்று கேதாரத்துக்குச் செல்வோர் நான்கு வகையாகச் செல்கிறார்கள். கால்நடை ஒன்று. குதிரை அல்லது கோவேறு கழுதை மற்றொன்று. நால்வர் தோளில் சுமந்து செல்லும் 'டண்டி' என்னும் பல்லக்கு மூன்றாவது. இதனோடு, ஒருவரே முதுகில் கூடை கட்டிச் சுமக்கும் 'கண்டி'யும் உண்டு. குப்தகாசி, பாட்டா, சேர்சி ஆகிய இடங்களிலிருந்து பறக்கும் ஹெலிகாப்டர் நான்காவது.

ஹெலிகாப்டர் சில நிமிடங்களில் மேலே இறக்கிவிடும். வசதியும் அதுவே, ஆபத்தும் அதுவே. அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரை ஊரில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். நடந்து செல்பவரின் உடல் ஓரளவேனும் பழகிக்கொண்டே ஏறுகிறது. பறந்து செல்பவருக்கு அந்த அவகாசம் இல்லை. இறங்கியவுடன் வரிசையில் இடம் பிடிக்க ஓடாமல், அமர்ந்து, வெந்நீர் அருந்தி, மெல்ல நடக்க வேண்டும். மேகம் சூழ்ந்தால் ஹெலிகாப்டர் பறக்காது என்பதால் ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்வதும் அவசியம். பழைய தொழிலின் வாசனையால் இதையும் சொல்லிவிடுகிறேன்: ஹெலிகாப்டர் பயணச்சீட்டுக்கென்று போலி இணையதளங்கள் பல உலவுகின்றன. அரசு அறிவித்த தளத்தில் மட்டுமே பதிவு செய்யுங்கள். எவரோ தொலைபேசியில் சொல்லும் தனிநபர் கணக்கு எண்ணுக்குப் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பியபின் வங்கிக்கு ஓடி வந்த பெரியவர்களின் முகங்களை நான் மறக்கவில்லை. எவ்வகையில் சென்றாலும் யாத்திரைக்கான அரசுப் பதிவு கட்டாயம்.

குதிரையைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. ஓய்வின்றி ஏற்றி இறக்கப்படும் அந்த வாயில்லாப் பிராணிகள் படும் பாடு பார்க்கச் சகிக்காது. நொண்டாத, முதுகில் புண் இல்லாத விலங்கா என்று பார்த்து ஏறுவது நம் கடமை. நடப்பவர்கள் எப்போதும் மலைச்சுவரை ஒட்டியே நடக்க வேண்டும். குதிரைகள் இடித்துக்கொண்டு வரும்போது பள்ளத்தின் பக்கம் ஒதுங்குவது விபரீதத்தில் முடியும்.

புறப்படுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே நடைப்பயிற்சியைத் தொடங்கினேன். சமதரையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பது பெரிதன்று. மலைக்கோயில் படிகளை வாரம் இருமுறை ஏறி இறங்கியதுதான் உதவியது. நுரையீரலுக்கு மட்டுமன்றி, இறங்கும்போது உடல் எடையைத் தாங்கும் தொடைத் தசைகளுக்கும் அது பயிற்சி. இதய மருத்துவரிடம் காட்டி, இதயச் சுருள்படம் எடுத்து, அவர் 'போகலாம்' என்ற பின்னரே பயணச்சீட்டு எடுத்தேன். இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கான மாத்திரைகளை விரதம், உபவாசம் என்று சொல்லி நிறுத்துவது நம்மவர்களிடம் உள்ள வழக்கம். மலையில் அது கூடவே கூடாது. பச்சைக் கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்ந்தால் மூச்சு முட்டாது என்பதும் பரவலான நம்பிக்கை. அது மூக்கு திறந்தாற்போன்ற உணர்வைத் தரும். இரத்தத்தில் பிராணவாயுவைக் கூட்டாது. முகரலாம், நம்பியிருக்கலாகாது.

காலமும் முக்கியம். சித்திரை, வைகாசியில் நடை திறக்கிறது. அந்நாளை ஒவ்வோர் ஆண்டும் மகாசிவராத்திரியன்று உகிமட்டில் அறிவிப்பார்கள். மே, ஜூன் மாதங்களில் கூட்டம் நெரியும். ஜூலை, ஆகஸ்டில் மழையும் நிலச்சரிவும். 2024 ஜூலை இறுதியில் பெய்த பேய்மழையில் பாதை பல இடங்களில் அறுந்து, ஆயிரக்கணக்கானோரை மீட்க வேண்டியதாயிற்று. நாங்கள் தேர்ந்தது புரட்டாசி. குளிர் அதிகம், ஆனால் வானம் தெளிவு.

எங்கள் குழுவில் ஒன்பது பேர். சோன்பிரயாகையில் இரவு தங்கி, விடியுமுன் பொது ஜீப்பில் ஐந்து கிலோமீட்டர் சென்று கௌரிகுண்டம் அடைந்தோம். அன்னை பார்வதி சிவபெருமானை வேண்டித் தவமிருந்த இடம் அது. என் மனைவிக்கு முழங்கால் ஒத்துழைக்காது. அவருக்கு டண்டி அமர்த்தினோம். சுமந்தவர்கள் நேபாளத்து இளைஞர்கள். நான் இரும்புப் பூண் போட்ட மூங்கில் தடியொன்றை வாங்கிக்கொண்டு நடந்தேன். ஜங்கிள் சட்டி வரை மரநிழலும் நீர்வீழ்ச்சிகளுமாகப் பாதை இனியது. பீம்பலி தாண்டி, பாலத்தில் மந்தாகினியைக் கடந்தபின்தான் மலை தன் குணத்தைக் காட்டுகிறது. லின்சோலி வரை ஏற்றத்துக்கு மேல் ஏற்றம். மரங்கள் குறைந்து புல்வெளி தொடங்கும். பேசிக்கொண்டே நடந்தவர்கள் மௌனமாகிவிடுவார்கள். இருபது அடி நடப்பது, நிற்பது, பஞ்சாட்சரத்தை ஐந்து முறை சொல்வது, மீண்டும் நடப்பது என்று நான் கணக்கு வைத்துக்கொண்டேன்.

அந்த லின்சோலியில்தான் எங்கள் குழுவுக்குச் சோதனை வந்தது. எங்கள் தெருக்காரர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வயது எழுபத்தொன்று. என்னைவிட நன்றாக நடப்பவர். பீம்பலியிலேயே தலைவலி என்றார். லின்சோலிக்கு முன் வாந்தி எடுத்தார். பெஞ்சில் அமர்ந்த பிறகும் மூச்சு வாங்குவது நிற்கவில்லை. நடக்கும்போது மூச்சு வாங்குவது இயல்பு. உட்கார்ந்தபின்னும் வாங்கினால் அது மலை தரும் எச்சரிக்கை. பேச்சில் குழப்பம், நடையில் தள்ளாட்டம், விடாத இருமல் ஆகியவையும் அத்தகையவையே.

"இன்னும் நான்கு கிலோமீட்டர்தானே, டண்டியில் ஏற்றிவிடலாம்" என்றார் குழுவில் ஒருவர். தலைமையாசிரியரும் அதையே விரும்பினார். முப்பது ஆண்டுக் கனவு அவருக்கு. வழியிலிருந்த மருத்துவ உதவி நிலையத்து இளம் மருத்துவர் விரலில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, ஏறவே கூடாது, உடனே இறங்க வேண்டும் என்றார். இந்நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவதுதான். பிராணவாயு உருளையெல்லாம் இறங்கும்வரை தாங்குவதற்கு.

அவரை நான் அழைத்துச் செல்கிறேன், நீங்கள் மேலே போய் வாருங்கள் என்று அவர் மனைவியிடம் சொன்னேன். அந்த அம்மையார் தம் கணவரின் கம்பளியைச் சரிசெய்தபடியே, "அண்ணா, நாற்பத்தைந்து வருஷமாகக் கேதார கௌரி நோன்பு எடுக்கிறேன். இவரைத் தனியாக இறக்கிவிட்டு நான் மட்டும் மேலே போவதற்கா எடுத்தேன்?" என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. இறைவனின் பாதி உடலாக அன்னை அமைந்த வரலாறல்லவா அந்நோன்பு! வழிகாட்டியின் துணையோடு இருவரும் இறங்கினார்கள். மாலையில் சோன்பிரயாகையிலிருந்து செய்தி வந்தது: மூச்சு சீராகிவிட்டது, ஒரு குவளை கஞ்சி குடித்தார்.

நான் பிற்பகல் மூன்றரை மணிக்குக் கோயில் முன் நின்றேன். பின்னால் பனிச்சிகரங்கள், முன்னால் கருங்கல் நந்தி. கருவறையில் நாம் காணும் திருமேனி, நம் ஊர்ச் சிவலிங்கம் போல ஆவுடையார் மேல் அமைந்த வடிவன்று. முக்கோணக் கூம்பாக எழுந்த இயற்கைப் பாறை. பாண்டவரிடமிருந்து காளை வடிவில் மறைந்த பெருமானின் திமில் இது என்றும், மற்ற அங்கங்கள் துங்கநாத், ருத்ரநாத், மத்யமஹேஷ்வர், கல்பேஷ்வர் ஆகிய நான்கு இடங்களில் வெளிப்பட்டன என்றும் தலபுராணம் கூறும். மாலையில் அலங்காரத்தோடு தொலைவிலிருந்து காணலாம். காலையில் அலங்காரமற்ற திருமேனியை, கூட்டம் இடங்கொடுத்தால், தொட்டு நெய் பூசலாம். நம் தென்னாட்டுக் கோயில்களில் கிட்டாத பேறு அது. இக்கோயிலின் தலைமைப் பொறுப்பான ராவல் பதவியை வகிப்பவர் கர்நாடகத்து வீரசைவ மரபினர் என்பதும் தென்னாட்டாருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. கோயிலுக்குப் பின்னே ஆதிசங்கரர் சமாதி. வெள்ளம் கொண்டுபோன அவ்விடத்தில் 2021 நவம்பர் 5 அன்று அவருடைய 12 அடிச் சிலை திறக்கப்பட்டது.

திருநாவுக்கரசரை அன்றிரவு நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். காசிக்கு அப்பால் தனியே நடந்து, கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்தும் கயிலை எட்டவில்லை அவருக்கு. பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழச் செய்து, அங்கேயே கயிலைக் காட்சி தந்தான் இறைவன். ஆடி அமாவாசைதோறும் திருவையாற்றில் அவ்விழா நடக்கிறது. ஊர் திரும்பியபின் இதைத் தலைமையாசிரியரிடம் சொன்னபோது, "நாவுக்கரசருக்குச் சரி, எனக்குக் கேதாரம்தான் வேண்டும்" என்றார் சிரித்தபடி. பிடிவாதம் போகவில்லை.

அவருக்காகத்தான் விசாரித்தேன். தீபாவளி அமாவாசையில் நம் வீடுகளில் இருபத்தோரு அதிரசம் படைத்து, இருபத்தோரு முடிச்சிட்ட நோன்புக் கயிறு கட்டிக்கொள்கிறோம். அதற்கு இரண்டாம் நாள் கேதாரத்தில் நடை சாத்தப்படுகிறது. பெருமானின் உற்சவத் திருமேனி பல்லக்கில் புறப்பட்டு, ராம்பூரிலும் குப்தகாசியிலும் தங்கி, மூன்றாம் நாள் உகிமட் ஓங்காரேஸ்வரர் கோயிலை அடைகிறது. பனி மூடும் ஆறு மாதமும் கேதாரநாதருக்குப் பூசை அங்குதான். மலையேற முடியாதவர்களுக்காகச் சுவாமியே இறங்கி வருகிறார் என்று அங்குள்ள மக்கள் சொல்கிறார்கள். உகிமட்டின் உயரம் சுமார் 1,300 மீட்டர். நம் ஏற்காட்டைவிடக் குறைவு. ருத்ரபிரயாகையிலிருந்து வாகனத்திலேயே செல்லலாம். கோயிலருகே தங்கும் விடுதிகள் உண்டு. மாசி மாதத்துக்கு அவர்கள் இருவருக்கும் டெல்லி ரயிலில் கீழ்ப் படுக்கை கிடைத்துவிட்டது. எத்தனை கம்பளி எடுக்க வேண்டும் என்று அந்த அம்மையார் நேற்றுக்கூட என் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.