முகம் மறைந்தால் தேடும் ஆசான்

பகலெல்லாம் தெருத்தெருவாக நடக்கிறார். கணவனை இழந்தவளுக்கு உதவித்தொகை மனு எழுதித் தருகிறார். பட்டறைக்கு அனுப்பப்பட்ட பையனைப் பள்ளிக்கு விடும்படி தகப்பனிடம் வாதாடுகிறார். பொழுது சாய்ந்ததும் அவரே ஆசிரியர்! கைப்பேசித் திரையிலே பத்துப் பிள்ளைகள், பத்து ஊர்களிலிருந்து. இத்தகைய சமூகப் பணியாளர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள்.

"பாடமெல்லாம் இணையத்தில் இலவசமாகக் கொட்டிக் கிடக்க, இவர் எதற்கு?" என்று கேட்கும் மேதாவிகளும் இருக்கிறார்கள். கொட்டிக் கிடக்கிறது, மெய்தான். அள்ளக் கை வேண்டாமா?

2020 மார்ச்சில் பெருந்தொற்று பள்ளிகளைப் பூட்டிற்று. தமிழ்நாட்டில் முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது 2021 நவம்பர் 1ஆம் நாள்! இடையிலே, "இணையத்தில் வகுப்பு நடக்கிறது" என்றார்கள். யாருக்கு நடந்தது? 2017-18இல் இந்திய அரசே எடுத்த மாதிரிக் கணக்குப்படி, நாட்டுப்புறத்தில் இணைய வசதியுள்ள குடும்பம் நூற்றுக்குச் சுமார் 15. மற்ற வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் அப்பனோடு வேலைக்குப் போனார்கள்! 1953இல் ஆச்சாரியார் கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தை நினைத்துப் பாருங்கள், தோழர்களே! அரைநேரம் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில். கிளர்ச்சியின் சூடு தாங்காமல் 1954இல் அது ஒழிந்தது. ஏழை வீட்டிலோ, சட்டமுமின்றி அறிவிப்புமின்றி, முழுநேரத் திட்டமாகவே திரும்பி வந்தது!

2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது இதனால்தான். பிள்ளையைத் தேடி ஆள் போகவேண்டும்.

திரையிலே ஒரு முகம் மறைகிறது. பாடம் மட்டும் நடத்துபவர் "வரவில்லை" என்று குறித்துக்கொள்வார். சமூகப் பணியாளரோ, "ஏன் வரவில்லை?" என்று கேட்பார். இணையக் கட்டணம் தீர்ந்திருக்கும். வீட்டின் ஒரே கைப்பேசி அண்ணனோடு வேலைக்குப் போயிருக்கும். சில வேளை, பதினாறு வயதுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்திருப்பார்கள்! அப்போது பாடத்தை நிறுத்திவிட்டு 1098ஐ அழைக்கவேண்டியவர் அவரே. ஆலையில் இரவு முறை பார்த்துக்கொண்டு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தொழிலாளிக்கு, தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளை நினைவூட்டுபவரும் அவரே.

இவருக்கு ஆண்டுவிழாவிலே பொன்னாடை போர்த்துகிறார்கள். பொன்னாடையை அரிசிக் கடையில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்! இரவுப் பணியும் பணிதான். அதற்கு ஊதியம் வேண்டும். இணையக் கட்டணம் அவர் சட்டைப் பையிலிருந்து போகக்கூடாது. இதை அடுத்த கிளைக் கூட்டத்தில் தீர்மானமாக வையுங்கள். அதுவரை, நம் படிப்பகங்களில் மாலை இரண்டு மணி நேரம் விளக்கும் மின்விசிறியும் இணைய இணைப்பும் உள்ள ஓர் அறையை அவருக்கு ஒழித்துக் கொடுங்கள்.