நஞ்சு விழும் முன்பும் பின்பும்

அதிராம்பட்டினத்தில் பிரசவங்கள் வீட்டிலேயே நடந்த காலத்தில், பிள்ளை அழும் சத்தம் கேட்டதும் வெளியே நிற்பவர்கள் அடுத்துக் கேட்பது, "நஞ்சு விழுந்துச்சா?" என்பதுதான். மருத்துவச்சி அதைத் தட்டில் விரித்து, முழுதாக வந்திருக்கிறதா, ஓரம் எங்கேனும் பிய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் உதிரப்போக்கு நிற்காது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் உள்ளே இருந்த மாதங்களில் அந்த நஞ்சுக்கொடி என்ன செய்தது என்பதை அறிய அன்று வழியில்லை.

அது சும்மா இருப்பதில்லை. குழந்தைக்கு உணவு ஊட்டுவதோடு ஹார்மோன்களையும் சுரக்கிறது. அவற்றில் ஒன்று 1962இல் கண்டறியப்பட்ட லாக்டோஜன். இது தாயின் இன்சுலின் வேலையை மட்டுப்படுத்திச் சர்க்கரையைக் குழந்தையின் பக்கம் திருப்புகிறது. ஈடுகட்ட உடல் கூடுதலாக இன்சுலின் சுரக்க வேண்டும். அது முடியாதவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் வருகிறது. அன்று நாலு கிலோவில் பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கே பெருமை. தாயின் சர்க்கரை கூடினால் பிள்ளையும் பெருக்கும் என்பதால், இன்று மருத்துவர் முதலில் அந்த அளவைத்தான் கேட்கிறார். நிறைமாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே இறந்தால் அன்று தலையெழுத்து என்றார்கள். அப்படிப்பட்ட இறப்புகளில் சிலவற்றுக்கேனும் காரணம் இந்தச் சர்க்கரையாக இருந்திருக்கும்.

சென்னை மருத்துவர் வி. சேஷய்யா குழுவினர் தமிழ்நாட்டில் 12,056 கர்ப்பிணிகளைச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். நகரத்தில் 17.8 சதவீதம், கிராமத்தில் 9.9 சதவீதம் பேருக்கு இந்நோய் இருந்தது. சோதனை எளிது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்து பெஞ்சில் 2 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு ரத்தத்தில் சர்க்கரை அளவு 140ஐத் தொட்டால் சிகிச்சை தொடங்கும். வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. தொலைவிலிருந்து பஸ் ஏறி வரும் பெண்ணை மனத்தில் வைத்து வகுத்த முறை இது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தக் கரிசனம்தான்.

கால் வீங்கினால் அன்று, "புள்ளத்தாச்சிக்கு நீர் கோக்குறது சகஜம்" என்று பார்லிக் கஞ்சி கொடுத்தார்கள். வலிப்பு வந்தால் ஜன்னி என்றார்கள். பட்டுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போனதும் உண்டு. இரண்டுக்கும் பின்னால் உயர் ரத்த அழுத்தம் இருக்கலாம் என்பதால், இன்று ஒவ்வொரு பரிசோதனையிலும் அதைப் பார்க்கிறார்கள், வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கிறது. இந்த நோயில் நஞ்சுக்கொடி அளவுமீறி விடும் ஒரு புரதமே தாயின் ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது என்பதை, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த அனந்த் கருமஞ்சியின் குழு 2003இல் காட்டியது.

இழந்ததும் உண்டு. முதல் வலியிலிருந்து கூடவே இருந்த மருத்துவச்சி, பிறகும் நாள் தவறாமல் வந்து தாயைப் பார்த்துப் போவார். இன்று தாயைப் பத்து மாதமும் கவனிக்கும் கண்கள், நஞ்சு விழுந்ததும் குழந்தையின் பக்கம் திரும்பிவிடுகின்றன. சர்க்கரையும் பெரும்பாலோருக்கு அதோடு இறங்கிவிடுவதால், நோய் போய்விட்டதென்று வீட்டார் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு இவர்களுக்குப் பல மடங்கு அதிகம். ஆறு வாரம் கழித்து மறுபடி குளுக்கோஸ் சோதனை செய்ய வேண்டும். நாற்பதாம் நாள் குளிப்பு எந்த வீட்டிலும் தவறுவதில்லை, இந்தச் சோதனைக்குப் பலர் வருவதில்லை. இத்தனைக்கும் அதே வாரத்தில், பிள்ளைக்கு ஒன்றரை மாத ஊசி போட, தாய் அதே பெஞ்சில்தான் வந்து உட்கார்கிறாள்.