மணலில் ஓடும் வண்டி

அடி அண்ணாமலையிலிருந்து நண்பர்களோடு ஜீப்பில் எங்காவது கிளம்புவதென்றால் முதலில் பார்க்க வேண்டியது பஞ்சாங்கம். பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டிகளுக்கு இடமில்லை. அண்ணாமலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டரும் நடப்பவர்களுக்குத்தான். மற்ற நாட்களில் போளூர் வழியாக ஏறினால் ஜவ்வாது மலை. ஒரு பகல் முழுக்கத் தெற்கே ஓட்டினால் திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காடு. பாலைவனம் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ராஜஸ்தானுக்கு அடுத்தபடியாக நான் சொல்லும் இடம் அதுதான்.

இந்த மாதிரிப் பயணங்களில் அடிக்கடி காதில் விழும் சொல் 'ஃபோர் வீல்'. கியர் தடிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டித் தடி நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தள்ளினால் வண்டி எங்கும் ஏறிவிடும் என்று ஒரு நம்பிக்கை. விளம்பரங்களிலும் மணல்மேட்டின் உச்சியில் வண்டி புழுதி பறக்க எகிறுகிறது; பார்ப்பவருக்கு எல்லாம் எஞ்சின் பலம் என்றுதான் தோன்றும். என்னைக் கேட்டால், மணலில் வண்டியைக் கரைசேர்க்கும் விஷயங்களில் எஞ்சினுக்குக் கடைசி இடம்தான் கொடுப்பேன். முதலிடம் எதற்கு என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

சாதாரணக் காரில் எஞ்சினின் சுழற்சி இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் போகிறது. மற்ற இரண்டும் கூடவே உருளுகின்றன, அவ்வளவுதான். ஃபோர் வீல் வண்டியில் கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி இருக்கிறது. அதன் பெயர் டிரான்ஸ்பர் கேஸ். அது சுழற்சியை இரண்டாகப் பிரித்து, ஒரு ஷாஃப்ட் வழியாகப் பின் அச்சுக்கும் இன்னொரு ஷாஃப்ட் வழியாக முன் அச்சுக்கும் அனுப்புகிறது. அந்தக் குட்டித் தடி பேசுவது இந்தப் பெட்டியோடுதான்.

இதைப் புரிந்துகொள்ள, ஒவ்வொரு அச்சின் நடுவிலும் பூசணிக்காய் அளவில் உருண்டு திரண்டு நிற்கும் டிஃபரன்ஷியலைப் பற்றித் தெரிய வேண்டும். பட்டறைக்காரர்கள் வாயில் அது 'கிரௌன்'. வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே இரும்புக் கம்பியில் கோத்திருந்தால் ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்துகொண்டே வரும். டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுகிறது. தார் ரோட்டில் அது வரம். மணலில் அதுவே வினையாகிறது. ஏனென்றால் இரு பக்கமும் ஒரே அளவு இழுவிசையைத்தான் அது கொடுக்கும்; ஒரு சக்கரம் பிடிமானமில்லாமல் வழுக்கினால் இன்னொன்றுக்கும் அந்தச் சொற்ப விசைதான் கிடைக்கும். சிக்கிய வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு சுற்ற, மறுபக்கச் சக்கரம் கல்லாய் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

ஃபோர் வீல் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றோடொன்று பூட்டப்படுகின்றன. பின்னால் வழுக்கினாலும் முன்னால் இழுக்கும். ஆனால் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரு சக்கரங்கள் ஒரே நேரத்தில் பிடி இழந்தால் வண்டி மறுபடியும் நின்றுவிடும். அதற்காகத்தான் சில வண்டிகளில் டிஃபரன்ஷியலையே பூட்டிவிடும் வசதி வைக்கிறார்கள். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் இந்தப் பூட்டு உண்டு.

இதே காரணத்தால், காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டக்கூடாது. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும். பூட்டிய ஷாஃப்ட்கள் அதற்கு விடாது. ஸ்டீயரிங் கனக்கும், டயர் தேயும், பல்சக்கரங்கள் முறுக்கேறி ஒருநாள் பெரிய செலவு வைக்கும். மணலிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கைத் தானே விட்டுவிடுவதால் அங்கே பிரச்சினை இல்லை.

குட்டித் தடியின் இன்னொரு நிலை 'லோ'. அதில் சக்கரங்களின் வேகம் இரண்டு, இரண்டரை மடங்கு குறையும். இழுவிசை அதே அளவு கூடும். ஜவ்வாது மலையில் கல் உருளும் மண்பாதையில் இறங்கும்போது இதன் அருமை தெரியும். லோ-வில் முதல் கியர் போட்டு, கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவர், சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும்போதுதான் விழிப்பார். "கிளட்ச்ச தொடாதபா, அது பாட்டுக்கு எறங்கும்" என்று மலையோட்டிகள் சொல்வதில் ஒரு பொறியியல் பாடமே இருக்கிறது.

ஜீப்பின் பிறப்பு யுத்தத்தில். 1940-இல் அமெரிக்க ராணுவம் மாதிரி வண்டியைச் செய்து காட்ட 49 நாள் கெடு வைத்தது. பான்டம் என்ற சிறிய கம்பெனி அதைச் செய்து முடித்தது. ஆனால் யுத்தம் முழுக்க ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து குவித்தவை வில்லிஸும் ஃபோர்டும். 1945-இல் மஹிந்திரா அண்ட் முகமது என்று தொடங்கி, சில ஆண்டுகளில் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆன கம்பெனிதான் வில்லிஸ் ஜீப்பை இங்கே கொண்டுவந்தது. தாசில்தார் ஜீப், போலீஸ் ஜீப், தேர்தல் பிரசார ஜீப் எல்லாம் அந்த வம்சம். 2010-இல் வந்த 'தார்' ஜீப்பும் அதே வழிதான். ராஜஸ்தான் பாலைவனத்தின் பெயரைச் சுமந்தபடி தார் ரோட்டைவிட்டு ஒருநாளும் இறங்காத வண்டிகள் நம் ஊரில் ஏராளம்.

இனி மணலுக்கு வருவோம். நண்பர்கள் கூடி மோட்டார் வண்டியில் பாலைவனம் சுற்றும் பழக்கத்துக்கு முன்னோடி என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் ரால்ஃப் பேக்னால்டைச் சொல்லலாம். பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். விடுமுறையில், கைக்காசைப் போட்டு, சக அதிகாரிகளோடு ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்துக்குள் போனார். 1929, 1930, 1932 என்று அவர் நடத்திய பயணங்களில், வண்டியால் கடக்கவே முடியாது என்று கருதப்பட்ட எகிப்தின் மாபெரும் மணற்கடலைக் கடந்து காட்டினார். அந்தக் கார்களில் ஃபோர் வீல் கிடையாது. பின் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும்.

எப்படி முடிந்தது? டயரில் காற்றைக் குறைத்தார்கள். புதைந்தால் சக்கரத்தின் கீழ் இரும்புத் தகடுகளைச் செருகினார்கள். ரேடியேட்டர் கொதித்து ஆவியாகப் போகும் தண்ணீரைக் குழாய் வழியாக ஒரு டப்பாவில் பிடித்துக் குளிரவைத்து, அது தானே ரேடியேட்டருக்குத் திரும்பும்படி செய்தார்கள். குடிக்கும் தண்ணீருக்கும் வண்டித் தண்ணீருக்கும் போட்டி வரும் இடத்தில் இது உயிர் காக்கும் வித்தை. 1940-இல் பேக்னால்டு உருவாக்கிய நெடுந்தூரப் பாலைவனப் படையும் ஆயிரக்கணக்கான மைல்களை ஓடியது பெரும்பாலும் பின்சக்கர ஓட்டம் கொண்ட செவர்லே லாரிகளில்தான். காற்று மணலை எப்படி நகர்த்துகிறது என்று அவர் 1941-இல் எழுதிய புத்தகத்தைப் பிற்காலத்தில் செவ்வாய்க் கிரகத்தின் மணல்மேடுகளை ஆராய்ந்தவர்களும் எடுத்துப் படித்தார்கள்.

ஆக, முதலிடம் டயரின் வால்வுக்கு. கணக்கு எளிது. நண்பர்களும் மூட்டை முடிச்சுகளும் சேர்ந்து வண்டி 2,000 கிலோ என்று வையுங்கள். ஒரு சக்கரத்துக்கு 500 கிலோ. டயரில் காற்றழுத்தம் 32 பவுண்டு என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் இரண்டேகால் கிலோ. டயர் சுவரின் விறைப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால், 500 கிலோவைத் தாங்க அந்த டயர் தரையில் சுமார் 220 சதுர சென்டிமீட்டர் பதிகிறது. அழுத்தத்தை 16-க்கு இறக்குங்கள். பதியும் பரப்பு 440 ஆகிவிடும். மணலின் மேல் விழும் அழுத்தம் பாதி. டயர் அகலத்தில் கொஞ்சம்தான் விரியும். நீளத்தில்தான் அதிகம் படியும். நிற்கும் வண்டியில் காற்றை இறக்கிக்கொண்டே பக்கத்தில் குந்திப் பார்த்தால் தெரியும்: டயரின் அடிப்பகுதி மெல்லப் படுக்கும், பக்கச்சுவர் தொந்தி போலப் பிதுங்கும். ஒட்டகத்தின் பாதம் அகன்று மெத்தென்று இருப்பதும் இதே கணக்கில்தான்.

மணலின் குணம் அடுத்தது. காய்ந்த மணலில் பருக்கைகளுக்கு இடையே பிடிப்பு இல்லை. அழுத்தினால் விலகி ஓடும். கொஞ்சம் ஈரம் இருந்தால் தண்ணீர்ப் படலம் பருக்கைகளை இழுத்துப் பிடிக்கும். தனுஷ்கோடி ஓட்டுநர்களுக்கு இது பால பாடம். 1964 டிசம்பர் புயல் ஊரையும் ரயிலையும் கொண்டுபோன பிறகு, முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் ரோடே இல்லை. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கும்வரை, சுற்றுலாக்காரர்களையும் பக்தர்களையும் ஃபோர் வீல் ஜீப்புகளும் வேன்களும்தான் மணலிலும் தேங்கிய தண்ணீரிலும் குலுக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தன. உள்ளே இருப்பவர்கள் கூரையில் தலை இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஓட்டுகிறவர் கண் மட்டும் மணலின் நிறத்தில் இருக்கும். கறுத்திருந்தால் ஈரம், ஏறலாம். வெளுத்திருந்தால் சுற்றிப் போ.

தேரிக்காடு வேறு மாதிரி. பருக்கைகள் மேல் இரும்பு ஆக்சைடு படிந்து மண் செக்கச்செவேலென்று இருக்கும். காற்று கொண்டுவந்து குவித்த மேடுகள் அவை. அந்த மணலில் பழங்கால மனிதர்களின் சின்னஞ்சிறு கல்லாயுதங்கள் கிடைத்திருக்கின்றன. அதைப் பற்றி 1956-இலேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. குதிரைமொழித் தேரியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலருகே, சுற்றிலும் மணல் காய, சுனையில் தண்ணீர் நிற்கும். பனையும் முந்திரியும் உடைமரமும்தான் அங்கே நிழல்.

அந்த உடைமரத்தின் வெள்ளை முள்ளுக்குக் காற்று இறக்கிய டயர் நல்ல தீனி. பிதுங்கி நிற்கும் பக்கச்சுவரில் ஏறினால் பஞ்சர் ஒட்டியும் பயனில்லை, டயரையே மாற்ற வேண்டும். புதைந்த சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கப் பக்கத்தில் கிடக்கும் பனைமட்டையை இழுத்துப் போடுகிறவர்களும் உண்டு. அதன் இரு ஓரமும் ரம்பம் போன்ற கருக்கு. தென்னை மட்டை போடுங்கள், அல்லது ஊரிலிருந்தே இரண்டு பலகை எடுத்துப் போங்கள்.

ஓட்டும் விதத்தில் மூன்று விஷயம் போதும். மேட்டில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். குறுக்கே போனால் வண்டி உருளும். பிரேக் போட்டு நிறுத்தக்கூடாது. சக்கரத்தின் முன்னால் மண் அணைகட்டிவிடும், ஆக்ஸிலேட்டரை விட்டால் மணலே நிறுத்திவிடும். சக்கரம் சுற்றியும் வண்டி நகரவில்லை என்றால் அந்தக் கணமே காலை எடுக்க வேண்டும். அதற்கு மேல் அழுத்துகிற ஒவ்வொரு நொடியும் குழியை ஆழமாக்கும். அச்சு தரையில் உட்கார்ந்துவிட்டால் லோ கியரும் உதவாது. மண்வெட்டியும் கூடவே வரும் இன்னொரு வண்டியும்தான் கதி. தனி வண்டியில் மணலுக்குள் போகிறவர்களை நான் வீரர்கள் என்று சொல்ல மாட்டேன்.

குதிரைமொழித் தேரி காப்புக்காடு. நம் அண்ணாமலையும் வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் பாதையைவிட்டு வண்டியை இறக்காதீர்கள். மேட்டைப் பிடித்து வைத்திருக்கும் செடி ஒருமுறை நசுங்கினால் ஆடிக்காற்று அந்த இடத்திலிருந்து மணலை அள்ளத் தொடங்கிவிடும். அனுமதியோடு போய்த் திரும்புகிறவர்கள் தார் ரோடு ஏறியதும் முதல் பெட்ரோல் பங்க்கில் டயருக்குக் காற்றை நிரப்புங்கள். 16 பவுண்டு காற்றோடு நெடுஞ்சாலையில் வேகம் பிடித்தால் டயர் சூடேறி வெடிக்கும்.