மடத்துச் சிஸ்டரும் பங்கு மக்களும்

1936 வரை கத்தோலிக்கக் கன்னியர் பிரசவம் பார்க்க ரோம் அனுமதிக்கவில்லை. கற்பு வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்கு அந்த வேலை ஆகாது என்று திருச்சபைச் சட்டம் விலக்கி வைத்திருந்தது. ஆண் மருத்துவரிடம் போக முடியாமல் இந்தியப் பெண்கள் பிள்ளைப்பேற்றில் செத்துக்கொண்டிருந்தார்கள். அதை அறிந்து மனம் பொறுக்காத ஸ்காட்லாந்து மருத்துவர் ஆக்னஸ் மெக்லாரன், தடையை நீக்கும்படி பலமுறை ரோமுக்கே போய்க் கேட்டார். அவர் காட்டிய வழியில் வந்த ஆஸ்திரியப் பெண் அன்னா டெங்கல், 1925-இல் மருத்துவ மிஷன் சகோதரிகள் அமைப்பைத் தொடங்கினார். 1936 பிப்ரவரியில்தான் தடை விலகியது. நடு இரவில் அரிக்கேன் விளக்கோடு பிரசவ வீட்டுக்கு நடந்து போகும் சிஸ்டரை நம் கிராமத்துப் பங்குகள் பரவலாகப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

அதற்கு முந்தைய கன்னியர் மடம் வேறு மாதிரி. 1844-இல் புதுச்சேரியில் துப்புய் அடிகளார் மரியின் தூய இருதய சபையைத் தொடங்கியபோது, பெண் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே பெரிய புரட்சி. திருச்சியில் அன்னம்மாள் என்ற கைம்பெண் தொடங்கிய புனித அன்னாள் சபை, தாலியறுத்ததோடு வாழ்க்கை முடிந்தது என்று ஊர் ஒதுக்கிய பெண்களுக்கு ஒரு பெயரையும் வேலையையும் மரியாதையையும் கொடுத்தது. இவை வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய சபைகள் அல்ல. நம் வீட்டுப் பெண்களுக்காக நம் மண்ணில் முளைத்தவை. தமிழகத் திருச்சபை வரலாறு எழுதுபவர்கள் ஆயர்களுக்கும் குருக்களுக்கும் ஒதுக்கும் பக்கங்களில் பாதியையாவது இந்தப் பெண்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

அந்தக் காலத்தில் உடுப்புப் போடும் நாளோடு பழைய பெயர் போய்விடும். வீட்டில் வைத்த பெயரை விட்டுவிட்டு ஒரு புனிதரின் பெயரோடு வெளியே வருவார். பெற்றோர் செத்தால்கூட ஊருக்குப் போக அனுமதி கிடைக்காத சபைகள் இருந்தன. மடத்தைவிட்டுத் தனியாகப் போகக் கூடாது, வெளியார் வீட்டில் சாப்பிடக் கூடாது, மாலை மணி அடிப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். பங்கு மக்கள் அவர்களை ‘அம்மா’ என்றும் ‘மதர்’ என்றும் கூப்பிட்டார்கள், எதிரில் வந்தால் ஒதுங்கி நின்றார்கள். ஓஸ்தி சுடுவது, பீடத் துணி துவைத்துக் கஞ்சி போடுவது, ஞானோபதேசம் சொல்லித்தருவது, புதுநன்மைப் பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு வருவது என்று கோவிலின் பாதி வேலை அவர்கள் கையில். ஆனால் கோவில் காரியம் எதிலும் அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை.

1965 அக்டோபரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் துறவறப் புதுப்பித்தல் பற்றிய ஏட்டை வெளியிட்டது. சபையைத் தொடங்கியவரின் முதல் நோக்கத்துக்குத் திரும்புங்கள், நீங்கள் வாழும் காலத்தையும் இடத்தையும் பார்த்து மாறுங்கள் என்று அது கேட்டது. கனத்த அங்கி போய்ச் சேலை வந்தது, ஞானஸ்நானப் பெயர் திரும்பி வந்தது, மடத்துக் கதவு தெருவைப் பார்த்துத் திறந்தது. சிஸ்டர் குப்பத்துக்குள் வந்து திண்ணையில் உட்கார்ந்தார், கொடுத்த காப்பியைக் குடித்தார். பிறகு அன்பியக் கூட்டங்களும் மகளிர் குழுக்களும் வந்தபோது, அவற்றைக் கட்டி நிறுத்தியதில் அவர்கள் உழைப்பு பெரிது. 1973-இல் குரு அல்லாதவர்களும் நற்கருணை வழங்க ரோம் வழி செய்தது. சில பெரியவர்கள் சிஸ்டர் நிற்கும் வரிசையை விட்டுச் சாமியார் வரிசைக்கு மாறிப்போனார்கள். இன்று நோயாளி வீட்டுக்கு நன்மை கொண்டுபோவது பெரும்பாலும் சிஸ்டர்தான்.

இப்போது அந்தப் பழைய வேலைகளில் பல கைமாறிவிட்டன. பிரசவத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையமும் 108 வண்டியும் இருக்கின்றன. மறைக்கல்வியைப் பங்கின் இளைஞர்களே நடத்துகிறார்கள். மடத்துப் பள்ளியில் பாடம் எடுப்பவர்களில் மிகப் பலர் குடும்பஸ்தர்கள். ஆறேழு பிள்ளை பெற்ற வீடு ஒரு பெண்ணை மகிழ்ச்சியோடு மடத்துக்கு அனுப்பிய காலம் போய், தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொன்னது. ஒரே மகளை உடுப்புப் போட அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சட்டமும் மாறிவிட்டது. உதவிபெறும் பள்ளியில் வேலை பார்க்கும் சிஸ்டரின் சம்பளம் முழுவதும் சபைக்குப் போகும், ஏழ்மை வார்த்தைப்பாட்டின் பொருள் அதுதான். 1944-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்றைக் காட்டி அந்தச் சம்பளத்துக்கு வரிப்பிடித்தம் வேண்டாம் என்று வாதாடி வந்தார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சபைக்குக் கொடுத்தாலும் சம்பளம் சம்பளமே என்றாகிவிட்டது. சட்டத்தின் பார்வையில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் தனக்கென்று ஒரு ரூபாய் வைத்துக்கொள்ளாத வாழ்க்கை என்னவென்று பங்கு மக்களுக்கு யாராவது சொல்லித்தந்திருக்கிறோமா?

என் ஆதங்கம் இங்கேதான். கன்னியரை நாம் வேலையை வைத்தே அளந்தோம். பள்ளி இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது, ஆகவே மடம் தேவைப்பட்டது. அவை குறைந்ததும் ‘சிஸ்டர்மார் இப்போது என்ன செய்கிறார்கள்?’ என்று கேட்கிறோம். குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றிப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்ல முடியாததை ஒரு பெண் யாரிடம் சொல்கிறாள்? பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பிள்ளைக்காக வீட்டு வாசலில் போய் நிற்பது யார்? துறவறம் என்பது பங்கின் நடுவே, எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாமல் எல்லா வீட்டுக்கும் உரியவராக ஒரு பெண் இருப்பது. வேலை அதிலிருந்து பிறக்கிறது. வேலை போனாலும் அந்த இருப்பு போவதில்லை.

இந்த இருப்பை நாம் மதித்த விதம் போதாது. கன்னியரின் சம்பளமில்லாத உழைப்பைத் திருச்சபை சுரண்டுகிறது என்று 2018-இல் வத்திக்கான் நாளேட்டின் பெண்கள் இதழே எழுதியது. அது எழுதியதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவை, சிஸ்டர்மார் பீடத் துணி மடித்து வைக்கும் நம் ஊர்ச் சக்கிறீஸ்து அறைகள்தான். சாமியார் மாறினால் சிஸ்டரின் நிலையும் மாறுகிறது. ஒருவர் அன்பியம் முழுவதையும் அவரிடம் ஒப்படைப்பார், அடுத்து வருபவர் பூ அலங்காரத்தோடு நிறுத்திவிடுவார். 2025 ஜனவரியில் துறவறச் சபைகளுக்கான வத்திக்கான் பேராயத்துக்கே சிமோனா பிராம்பில்லா என்ற கன்னியர் தலைவரானார். ரோமில் ஒரு சிஸ்டர் தலைமை தாங்க முடிகிறது. நம் பங்குப் பேரவையில் சிஸ்டர் வழக்கமாகச் செய்வது, தொடக்கச் செபம் சொல்லி உட்காருவது.

பிப்ரவரி 2-ஆம் தேதி, ஆண்டவரைக் காணிக்கையாக்கிய விழாவன்று, துறவறத்தாருக்கான நாள் கொண்டாடுகிறோம். 1997-இலிருந்து இது நடக்கிறது. பங்கில் பொன்னாடை போர்த்துவோம், சாப்பாடு போடுவோம். இந்த ஆண்டு அன்று மாலையே பேரவையைக் கூட்டுங்கள். எந்தத் தெருவில் யார் மருந்து வாங்க முடியாமல் இருக்கிறார், எந்த வீட்டுப் பெண் பிள்ளை படிப்பை நிறுத்தியிருக்கிறாள் என்று சிஸ்டர் சொல்லட்டும். திருவிழா வரவு செலவை அதற்குப் பிறகு எழுதுங்கள்.